குறுக்கு வரப்பு

செப்டம்பர் 10, 2024
பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு எடுத்து முடித்ததும் சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, திருவேங்கடத்துப் பக்கம் அப்பா எனக்கு எழுதி வைத்த புஞ்சைக்குப் போனேன். மழைத் தண்ணியை மறிக்கிற குறுக்கு வரப்பு மூன்றையும் காணோம். தட்டிவிட்டு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீளவாக்கில் உழ வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். டிராக்டர் அடிக்கடி திரும்ப வேண்டாமாம். "ஏட்டி, வரப்பா சோறு போடுது?" என்கிறார். டிராக்டர் ஓட்டும் மூக்காண்டி பல்லைக் காட்டுகிறான். சரிவோடு உழுதால் ஒவ்வொரு உழவுச் சாலும் ஒரு வாய்க்கால் என்று சொன்னேன். ரெண்டு பேரும் காதில் வாங்கவே இல்லை. நிலம் என் பேரில், நாட்டாமை இவருக்கு.

அக்டோபர் 21
மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

அக்டோபர் 22
போய்ப் பார்த்தேன். போயிருக்க வேண்டாம். முளைத்திருந்த மக்காச்சோளத்தோடு கரிசலை வழித்துக்கொண்டு போயிருக்கிறது. அடியில் கிடந்த வெள்ளைச் சுக்கான் கல் வெளியே தெரிகிறது. ஓடையில் கருப்பாக ஓடுவது தண்ணீரா? எங்கள் மண். பாதி குளத்தில் தங்கும், மீதி வைப்பாற்றோடு கடலுக்கு. இவர் கேட்கிறார்: "மழை யாரு கையில இருக்கு?" சீ! செய்றதச் செஞ்சுட்டு மழையக் குத்தம் சொல்லுதாரு.

மே 14, 2025
குளத்து வண்டல் அள்ள அனுமதி கிடைத்துவிட்டதாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. டிப்பர் டிப்பராக வந்து இறங்குகிறது. காலால் கிளறினேன் — கருவேல வேர், குவார்ட்டர் பாட்டில், யார் பிள்ளைக்கோ போட்ட டயப்பர். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நம் புஞ்சை மண்ணையே ஊர்க் குப்பையோடு திரும்ப அள்ளி வந்து, "உரம்ட்டி, உரம்!" என்று ஸ்டேட்டஸ் போடுகிற மனுஷனை என்ன சொல்ல? "முதல்ல வரப்பைப் போடுங்க" என்றேன். "பெறவு பாப்போம்." இவரைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

மே 29
கோடை மழை. கொஞ்ச நேரம்தான். பாட்டிலும் டயப்பரும் மட்டும் அங்கனயே கிடக்கு. மண்ணக் காணோம்.

மே 30
இவர் புஞ்சைக்குப் போய் பாட்டிலையும் டயப்பரையும் பொறுக்கிச் சாக்கில் கட்டினார்.

செப்டம்பர் 14
ஞாயிறு. புஞ்சையில் இவர் மண்வெட்டியோடு நின்றார், பனியன் தொப்பலாக நனைந்து. கோணல்மாணலாக ஒரு குறுக்கு வரப்பு எழும்பியிருந்தது. மூக்காண்டி டிராக்டரை நிறுத்திக் கேட்டான்: "அண்ணாச்சி, எந்தப் பக்கமா உழ?"

இவர் நிமிரவில்லை. "எங்கிட்ட எதுக்குலே கேக்க? நெலத்துக்காரிகிட்ட கேளு."

குறுக்கே உழச் சொன்னேன். கலப்பை சுக்கான் கல்லில் கிறீச்சென்று உரசியது. இன்னும் பல் கூசுகிறது.