டைல்ஸ் மேல் பூசிய மண்

என் உயிர் அத்தாவுக்கு,

நஸீமா ஸலாம் சொல்லி எழுதுகிறேன். உங்கள் வேன் படிக்கட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேனை இன்னும் விற்கவில்லை, அம்மா விடவில்லை. எதிரே நம் உத்தமபாளையத்து வீடு இருக்கிறது. ஆனால் இப்போது நீங்கள் தெருமுனையில் வந்து நின்றால், நம் வீடு எது என்று யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும்.

வாசல் சுவரில் நீங்கள் பார்த்துப் பார்த்து ஒட்டிய பச்சை டைல்ஸில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அதன்மேல் சாக்கு கட்டி, சாக்கின்மேல் செம்மண் பூசியிருக்கிறோம். வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. என்னோடு படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கம்பத்துக்குப் பிரியாணி சாப்பிடப் போயிருக்கிறார்கள். வெயில் சாய்ந்ததும் முதல் ஷாட். இயக்குநர் நான்தான், அத்தா. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். ஆனால் இப்படி ஒதுங்கி உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடும்போது நான் சென்னையில் சினிமாப் படிப்பில் முதல் வருஷம் முடித்திருந்தேன். இப்போது கடைசி வருஷம். இந்த வருஷம் வகுப்பில் எல்லோரும் திரைக்கதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் அதில் இரண்டு மூன்றை மட்டும் எடுப்பார்கள். எழுதியவர் இயக்கலாம். மற்றவர்கள் அந்தப் படங்களுக்குள் கேமரா, எடிட்டிங், சவுண்டு என்று பிரிந்துகொள்வார்கள். படம் சொதப்பினால் எல்லோருடைய மார்க்கும் சேர்ந்து போகும்.

நான் முதலில் எழுதியது பழனிசெட்டிபட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒரு பெண்ணின் கதை. கடைக்கு மேலே குடியிருப்பாள், கீழே நாள் முழுக்க அடுத்தவர் போனைப் பிரித்துப் பார்ப்பாள். எங்கள் பேராசிரியர் படித்துவிட்டு நல்லா இருக்கு என்றுதான் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தேனிப் பக்கத்துப் பொண்ணு நீ. உங்க ஊர் மண்ணு இதுல எங்கம்மா?" என்று கேட்டார். பழனிசெட்டிபட்டியும் எங்கள் ஊர்ப் பக்கம்தான் சார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு முறை திருத்தும்போதும் கதை ஊரைவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடை போய்க் குடிசை வந்தது. போன் போய் ஆட்டுக்குட்டி வந்தது. ரிப்பேர் செய்கிற பெண் மண் வீட்டு வாசலில் உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருக்க ஆரம்பித்தாள். கடைசியில் ஓர் அருவாளும் வந்து சேர்ந்தது. நம் வீட்டில் இளநீர் சீவக்கூட அருவாள் கிடையாது, பக்கத்து வீட்டில்தான் வாங்குவோம். அந்த அருவாள் வந்த பிறகுதான் திரைக்கதைக்கு ஒப்புதல் கிடைத்தது.

சரி, மண் வீட்டுக்கு எங்கே போவது? உங்களைத்தான் நினைத்தேன். சினிமாக்காரர்களை இந்த வேனில் ஏற்றிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இடம் காட்டினவர் நீங்கள். வருசநாட்டில் நீங்கள் வழக்கமாகக் கூட்டிப் போகிற அந்த மண் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். இடித்துவிட்டு மாடி வீடு கட்டிவிட்டாராம். மாடியில் நின்றுதான் பேசுகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷப்படத்தான் ஆசை, அழுகைதான் வந்தது. ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் தோட்டமாகச் சுற்றினோம். எல்லா வீட்டுக்கும் பெயின்ட் அடித்து கிரில் கேட் போட்டிருந்தார்கள்.

சுற்றிவிட்டு வந்து நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்தபோதுதான் பிரதீப் சொன்னான். அவன்தான் எங்கள் ஆர்ட் டைரக்டர், நல்ல பையன், வேலைக்காரன். பின்னாலே மலை, முன்னாலே வெட்ட வெளி, இந்த டைல்ஸை மட்டும் மறைத்துவிட்டால் போதும் என்றான். யாருடைய வீட்டைப் பார்த்து என்ன சொல்கிறான் என்று அவனுக்குத் தெரியாது.

நீங்கள் எதற்காக இந்த டைல்ஸ் ஒட்டினீர்கள் என்று எனக்குத் தெரியுமே. சினிமாவில் பழைய கிராமமாகத் தெரிய வேண்டும் என்று எத்தனை வீடுகளில் நீங்களே ஏறி டிஷ் ஆன்டெனாவைக் கழற்றியிருப்பீர்கள்? மோட்டார் பெட்டியைச் சாக்குப் போட்டு மூடி, பெயின்ட் அடித்த சுவரில் மண் பூசி, வீட்டுக்காரர்களைக் கெஞ்சி அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பீர்கள்? ஷூட்டிங் பேக்கப் ஆன மறுநாள் தனியாகப் போய்ச் சுவரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். நாம் வீடு கட்டினபோது தரையிலிருந்து கூரை வரைக்கும் வெளிச்சுவரில் டைல்ஸ் ஒட்டினீர்கள். பாத்ரூமைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு என்று மாமா கேலி செய்தார். "இருக்கட்டும் மச்சான். டைல்ஸக் கண்டா எந்தக் கேமராக்காரனும் இங்கன வண்டிய நிப்பாட்ட மாட்டான்" என்றீர்கள்.

உங்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது, அத்தா. கேமராக்காரி உங்கள் வீட்டுக்குள்ளேயே வளருவாள் என்று யார் கண்டது?

அம்மா மறுத்துவிடுவாள் என்று நம்பித்தான் கேட்டேன். உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்து வெளியே வந்ததும் அவள் முதலில் செய்த வேலை அந்த டைல்ஸைக் கழுவியதுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறாள். அம்மா மறுத்தால் பேராசிரியரிடம் வீடு கிடைக்கவில்லை, கதையை மாற்றுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒரு திட்டம். அம்மா அடுப்பில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள்.

"ஒங்கத்தா இருந்தா விட்டிருக்க மாட்டாக. அவுகதான் இல்லயே. நீ பூசிக்க. படிப்பு பாழாப் போகக் கூடாது" என்றாள்.

அம்மா ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சரி என்று சொன்னதும் இருந்த ஒரு கதவும் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. கேமரா வாடகைக்கு வந்தது, லைட் வந்தது, நடிக்கிற அக்கா மதுரையிலிருந்து வந்து இறங்கினார். எந்த இடத்தில் நான் நிறுத்து என்று சொல்ல? யாருடைய மார்க்கை வைத்து விளையாட?

டைல்ஸில் மண் ஒட்டாது என்று சாக்கைக் கட்டினார்கள். சாக்கு நிற்க ஆணி வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு மேலே ஓட்டை போடும்போது ஒரு டைல்ஸ் விரிசல் விட்டுவிட்டது. சத்தம் உள்ளே கேட்டிருக்கும். அம்மா வெளியே வரவில்லை. பிரதீப் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தான். பரவாயில்லை, பூசு என்று நான்தான் சொன்னேன். மண் பூசி முடித்ததும் போட்டோ எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினோம். இதுதான் உன் மண், இனிமேல்தான் நீ உன் படத்தை எடுக்கப் போகிறாய் என்று பதில் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அம்மா வெளியே வந்தாள். தலையில் முக்காடு போட்டு, கையில் ஒரு கட்டைப்பை. பையில் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. ஷூட்டிங் முடிகிற வரைக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். கோபம் இல்லை, வருத்தம்கூடக் குரலில் இல்லை.

"நான் எங்கன நிக்கணும்மா, படத்துல விழுந்துறாம?"

என் கை தானாக உயர்ந்து அடுத்த வீட்டு வாசலைக் காட்டியது, அத்தா. பேசக்கூட இல்லை, கையைத்தான் காட்டினேன். அவளும் மறுபேச்சில்லாமல் போய்விட்டாள். இப்போது அங்கேதான் நிற்கிறாள். உட்காரச் சொல்லி அந்த வீட்டு அக்கா சேர் போட்டும் உட்காரவில்லை. பையைப் பிடித்தபடி நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷம் எத்தனையோ அம்மாக்களை நீங்கள் இப்படி நிறுத்தியிருக்கிறீர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து எப்படித்தான் சோறு சாப்பிட்டீர்கள்?

பிள்ளைகள் வருகிற கார் பள்ளிவாசல் பக்கம் திரும்பிவிட்டது. அவர்களிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. படத்தை என்னிடமிருந்து பிடுங்கி வேறு யாருக்காவது கொடுக்கலாம். பிரதீப் என்னோடு பேசாமல் போகலாம்.

ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அத்தா. இதை மடித்து வைத்ததும் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, நம் வாசல்படியில் நிறுத்துவேன். அவள் அங்கேதான் நிற்பாள். அதன்பிறகு படம் எடுப்பதா, மூட்டை கட்டுவதா என்பதை மற்றவர்கள் முடிவு செய்யட்டும்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் பிறந்த ஒரே மகள்,
நஸீமா