வாயு என்று சொல்லிவிட்டுப் போன செந்திலுக்கு

என் அன்புப் பங்காளி செந்திலு,

உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு, நீ உயிரோடு இருந்தால் இந்நேரம் உன் வீட்டுக் கராஜில் நின்று கத்திக்கொண்டிருப்பேன். நீயும் விடாமல் திருப்பிக் கத்தியிருப்பாய். கவிதா காபியோடு வந்து இரண்டு பேரையும் அடக்கியிருப்பாள். இப்போது கத்துவதற்கு ஆள் இல்லாததால் எழுதுகிறேன். செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். உன் வருடத் திதிக்கு இந்த டெக்சாஸில் பிளானோவிலிருந்தும் ஃப்ரிஸ்கோவிலிருந்தும் வந்தவர்கள் அந்த நாலு வார்த்தையையும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது சண்டைதான்.

உன் பெண்டாட்டி கவிதா என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. காரணம் உன் மகன் ஆதவன். இல்லை, யோசித்துப் பார்த்தால் காரணம் நீதான்.

உனக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வாரநாளில் எனக்கு பிளானோவில் லெகஸி பக்கம் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. வாரக் கடைசியில் பேஸ்பால் மைதானம். வலைக்குப் பின்னால், பந்தின் வேகத்தை அளக்கிற ஸ்பீடு கன்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பந்து வீசுகிற பள்ளிக்கூடத்துப் பையன்களைப் பார்ப்பேன். இன்றைக்கு இவன் எப்படி வீசுகிறான், நாலு வருஷம் கழித்து எப்படி வீசுவான், பெரிய ஆட்டத்துக்குத் தாங்குவானா என்று ஒரு தொழில்முறை அணிக்கு எழுதிச் சொல்ல வேண்டும். நீ அதற்கு வைத்த பெயர் கல்யாண புரோக்கர் வேலை. “பையன் உசரம் என்ன, குணம் என்ன, குடும்பத்துல வியாதி உண்டான்னு எல்லாம் விசாரிக்கறே. கல்யாணச் சோறு மட்டும் ஒருத்தனும் போட மாட்டேங்கறான்” என்று சிரிப்பாய்.

சரி, உன் பையனைப் பற்றிக் கேள். உன்னைவிட உயரம். நீளக் கை, இறுக்கம் இல்லாத தோள். ஈரத் துண்டை உதறுகிற மாதிரி கை சுழன்று வருகிறது. நேர்ப்பந்து மணிக்குத் தொண்ணூறு மைலைத் தொட ஆரம்பித்துவிட்டது. வளைந்து இறங்குகிற கர்வ் பந்தைப் போட்டால் மட்டை பிடித்தவன் காற்றை அடித்துவிட்டு பந்தைத் தேடுகிறான். எதிராளி பந்தை வேலிக்கு வெளியே தூக்கி அடித்தாலும் இவன் முகம் மாறாது. உள்ளே என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. “நல்ல குணம், பதற மாட்டான்” என்று அந்த அணியில் இருக்கிற என் மேலாளரிடம் அதையே பெரிதாகச் சொன்னேன். நான் மாதக்கணக்காக நச்சரித்த பிறகு, சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று அந்த மனுஷர் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு உனக்குப் போன் போட வேண்டும் என்று கை பரபரத்தது. உன் நம்பரை இன்னும் நான் அழிக்கவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு பையனைப் பார்க்க ஃபோர்ட் வொர்த் பக்கம் போயிருந்தேன். எதிரணியில் பச்சைச் சட்டை போட்ட ஒருவன் நடுவில் பந்து வீசுகிறவன் நிற்கிற மண்மேட்டில் ஏறி நின்றான். காலைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. நம் ஆதவன்! முந்தின நாள்தான் பிளானோவில் நீலச் சட்டையில் அவன் ஏறக்குறைய முழு ஆட்டமும் வீசியதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்திருந்தேன்.

ஸ்பீடு கன்னில் நம்பர் நன்றாகத்தான் வந்தது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் நம்பரை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தேன். முழங்கை இறங்கிவிட்டிருந்தது பங்கு. தோளுக்குச் சமமாக வர வேண்டிய முழங்கை, பந்துக்குப் பந்து கீழே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை வீசிய பிறகும் கையைத் தொடைக்குப் பின்னால் மறைத்து சுண்டு விரலையும் மோதிர விரலையும் உதறினான். அந்த இரண்டு விரல் மரத்துப்போகிறது என்றால் கோளாறு முழங்கையில் இருக்கலாம். என் வேலையில் அதைப் பார்த்தால் ஸ்பீடு கன்னைக் கீழே வைத்துவிடுவோம்.

ஆட்டம் முடிந்ததும் பார்க்கிங் லாட்டில் பிடித்தேன்.

“என்னடா இது, பச்சைச் சட்டை?”

“அங்கிள், ப்ளீஸ், டோன்ட் டெல் கோச்.”

“எந்தக் கோச்கிட்ட?”

“எனி கோச்.”

“கை எப்படி இருக்கு?”

“இட்ஸ் ஜஸ்ட் டைட். ஐ’ம் ஃபைன்.”

பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை நீல அணி, ஞாயிற்றுக்கிழமை பச்சை அணி, நடுவாரத்தில் வேகத்தைக் கூட்டுவதற்கென்றே கனமான பந்தைக் கொடுத்து வீச வைக்கிற தனி மாஸ்டர். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது, தெரியவும் கூடாது. இதெல்லாம் அப்பா போட்ட ஷெட்யூல் என்றான்.

அட மடையா! இது நம் ட்யூஷன் புத்தியேதானேடா? ஒரே கணக்குப் பாடத்துக்கு ஸ்கூல் சார் ஒருத்தர், அவருக்குத் தெரியாமல் ட்யூஷன் சார் ஒருத்தர், இரண்டு பேருக்கும் தெரியாமல் என்ட்ரன்ஸ் கோச்சிங். நாம் அப்படித்தான் படித்தோம். முழங்கை என்ன கெமிஸ்ட்ரி புத்தகமா, மூன்று இடத்தில் ரிவிஷன் பண்ணினால் மனப்பாடம் ஆவதற்கு? ஒரு நாள் நிறைய வீசினால் சில நாள் கை சும்மா இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு கோச்சும் பையன் எத்தனை பந்து வீசினான் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரவர் அணியில் வீசியதைத்தானே அவரவர் எண்ண முடியும்? அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த எந்த அப்பனுக்காவது இந்த யோசனை வந்திருக்குமா? உனக்கு வந்திருக்கிறது. வாரக் கடைசியெல்லாம் மைதானத்தில் கிடக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அவன் ‘டைட்’ என்று சொன்னானே, அப்போது எனக்கு உன் குரல்தான் கேட்டது. கடைசி நாளில் நீயும் நெஞ்சைத் தடவிக்கொண்டே, “வாயுடா பங்கு, நேத்து கொண்டக்கடலை ஜாஸ்தி” என்றாய். ஒரு சோடாவைக் குடித்தாய். ஏப்பம் விட்டுக் காட்டினாய். அப்புறம் இவனைப் பிராக்டிஸுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு போனாய். அவன் வீசி முடித்துவிட்டு வந்து, கையில் மாட்டிய கிளவுஸோடு கார்க் கதவைத் திறந்தபோது உனக்குள் ஒன்றும் மிச்சமில்லை. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்னடா கேடு? சொன்னால் கிரீன் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்களா?

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி மைதிலி அரிசிம்பருப்புச் சாதம் செய்து போசியில் கொடுத்துவிட்டிருந்தாள். அதே எவர்சில்வர் தூக்குப் போசிதான். இத்தனை வருஷமாக நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறதே, அது. போசியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கவிதாவின் முகம் இறுகிவிட்டது.

“ஏனுங்ணா, அது அவரு போட்டு வெச்ச ஷெட்யூலுங்க. அவரு இருந்தா கண்டினியூ பண்ணியிருப்பாருல்லீங்க?”

“அவன் இருந்தா அவனையும் இதே கிழி கிழிச்சிருப்பேன். பையன் கை இறங்குது கவிதா. டாக்டர்கிட்டக் காட்டணும். சனிக்கிழமை வீசக் கூடாது.”

“சனிக்கிழமைதானுங்ணா உங்க பாஸ் வர்றாரு? நீங்கதான வரச் சொன்னீங்க? இத்தனை வருஷம் எதுக்குங்க ஓடுனோம்? அந்த ஒரு நாள் மட்டும் போட்டுட்டு அப்புறம் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

“அந்த ஒரு நாள்லயே கை போயிடுச்சுன்னா?”

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதுங்ளா?”

ஆதவன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “ஐ கேன் த்ரோ, அங்கிள்” என்றான். அதே முகம், ஒரு சுருக்கம் இல்லை.

“பாருங்க, அவனே சொல்றான்” என்றாள் கவிதா. “ஊரான் பிள்ளைக்கெல்லாம் நல்லா எழுதறீங்க. அவரு பிள்ளைக்கு மட்டும் நொட்டை சொல்றீங்களே, நாயமுங்ளா இது?”

நான் கிளம்பி வந்துவிட்டேன். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நீ போன பிறகு அந்த ஷெட்யூலில் ஒரு வாரம்கூட அவள் தவறவிடவில்லை. வண்டிகள் பறக்கிற டோல்வேயில் கார் ஓட்டவே பயப்படுவாளே, இப்போது ஃபோர்ட் வொர்த் வரை தனியாக டிரைவ் பண்ணுகிறாள். நீ விட்ட இடத்திலிருந்து எதையும் மாற்றக் கூடாது என்று ஒரு பிடிவாதம். மாற்றினால் நீ நிஜமாகவே போய்விட்டாய் என்று ஆகிவிடும் அல்லவா?

மறுநாள் மேலாளருக்குப் போன் போட்டு, பையனுக்குக் கையில் கோளாறு, இப்போது வர வேண்டாம் என்றேன். அடுத்த வருஷம் ஞாபகப்படுத்து என்றார். அவ்வளவுதான். பெண் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்த வீட்டைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள்? இங்கேயும் அதே கதைதான். கைக்கோளாறு என்ற பேச்சு ஒரு பையன் மேல் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. அடுத்த வருஷம் அவனைவிட வேகமாக வீசுகிற பத்துப் பேர் வந்திருப்பார்கள். உன் மகனின் கையைக் காப்பாற்றினேனா, அவன் பிழைப்பைக் கெடுத்தேனா? எனக்கே தெரியவில்லை பங்கு. நீ இருந்தால் நாலு கெட்ட வார்த்தையோடாவது ஒரு பதில் சொல்லியிருப்பாய்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? அவங்க பிள்ளை, அவங்க பாடு” என்றாள் மைதிலி. கோயிலில் பார்த்த ஒரு பெரிய மனுஷர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “ஃப்ரெண்டு பையன்தானேப்பா, கொஞ்சம் பாத்து ஹெல்ப் பண்ணக் கூடாதா?” என்றார். பார்த்ததுதானே தப்பாகிவிட்டது! பார்க்காமல் இருந்திருந்தால் நான் நல்லவன்.

கவிதாவுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. மெசேஜ் பார்த்ததற்கு நீல டிக் மட்டும் வரும்.

நேற்று சனிக்கிழமை. மேலாளர் வந்திருந்தால் ஆதவன் மேட்டில் நின்றிருக்க வேண்டிய நேரம். நான் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. வாசலில் ஆதவன், இடது கையில் போசி. வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தான்.

அம்மா கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் என்று இங்கிலீஷில் சொன்னான்.

எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. கணக்கை முடித்து போசியைத் திருப்பி அனுப்பிவிட்டாளே என்றுதான் தோன்றியது. வாங்கினேன். உள்ளே ஏதோ உருண்டு கடகடவென்றது. மூடியைத் திறந்தேன். பேஸ்பால். தையல் பிரிந்து, செம்மண் ஏறிய பழைய பந்து.

“என்னடா இது?”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எல்லாம் இங்கிலீஷ்தான், நான் தமிழில் எழுதுகிறேன். அம்மா காலியாகத்தான் கொடுத்தாளாம். வெறும் போசியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட வேண்டும் என்று அப்பா சொல்வாராம். சர்க்கரை எடுக்கப் போனால் அம்மா அடுக்களையில் அழுதுகொண்டிருந்தாளாம். அதனால் காரில் கிடந்த பந்தைப் போட்டுக்கொண்டு வந்தானாம்.

நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன்.

“வலிக்குதாடா?”

‘டைட்’ என்பான் என்றுதான் நினைத்தேன். எத்தனை அடி வாங்கினாலும் மாறாத அந்த முகம் கோணியது.

“வலிக்குது அங்கிள்” என்றான், தமிழில். “ரொம்ப வலிக்குது.”

உட்கார வைத்தேன். மைதிலி ஐஸ் கொண்டுவந்தாள். எந்த விரல், எப்போதிருந்து என்று கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டான். அப்பாவுக்கும் இந்த மாதிரி வலித்திருக்குமா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

நாளைக்கு ஸ்கேன். உள்ளே நரம்பு மட்டும் வீங்கியிருக்கிறதா, தசைநார் கிழிந்திருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் தெரியும். அவனை நான் கூட்டிப் போவதாக மைதிலி மெசேஜ் போட்டதற்கு, கவிதா ‘நானும் வர்றேன்’ என்று பதில் போட்டிருக்கிறாள். என்னோடு பேசுவாளா என்பது தெரியாது. காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாலும் சரி, வரட்டும். போசியை மைதிலி கழுவி வைத்திருக்கிறாள். நாளைக்கு அதில் ஏதாவது போகும்.

உன் மேல் கோபம் தீரவில்லை செந்திலு. லேசில் தீரவும் தீராது. ஆனால் ஒரு சத்தியம் பண்ணித் தருகிறேன். அந்தப் பந்து என்னிடம்தான் இருக்கும். டாக்டர் வீசலாம் என்று சொல்லுகிற வரைக்கும், உன் பெண்டாட்டி கேட்டாலும், என் மேலாளர் கேட்டாலும், அவனே காலைப் பிடித்துக் கேட்டாலும் தர மாட்டேன். இனி வீசவே கூடாது என்று சொன்னால், அதைக் கேட்டு அவன் அழும்போது பக்கத்தில் நான் இருப்பேன். உன் வீட்டில் இனிமேல் யாரும் வாயு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை வந்து, எங்கேடா வலிக்குது என்று கேட்பேன்.

இப்படிக்கு,
உன்னோடு சண்டை போட இன்னும் பாக்கி வைத்திருக்கும் பங்காளி,
அங்கிள் என்றே கூப்பிட்டாலும் ஆதவனுக்குப் பெரியப்பன்,
சண்முகம்