விளம்பரத்தில் இல்லாத பொட்டு

செகந்திராபாத்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தாரிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, இரத்த அழுத்தம்கூட சொன்ன பேச்சைக் கேட்கிறது, மனம்தான் கொதித்துக்கொண்டிருக்கிறது. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளை பாலாவும் குழந்தை வர்ஷினியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் கோபப்பட்டால் நீ சிரித்து, அம்மா கூல் என்று சொல்லி வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் ஸ்ரீஜா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் தயங்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை உன் அத்தை தங்கம் நாச்சாரத்திலிருந்து கூப்பிட்டாள். அப்பா காரியம் முடிந்ததிலிருந்து தானாக எனக்கு ஒரு முறைகூடப் போன் செய்யாதவள். முழங்கால் வலி, மருமகள் குழம்பில் உப்புப் போடத் தெரியாதது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் குரலைக் குழைத்துக்கொண்டு, "போன்ல உங்க போட்டோ பாத்தேன் அண்ணி. இப்பவாவது உங்களுக்குப் புரிஞ்சுதே, அதுவே போதும்" என்றாள். என்ன புரிந்தது என்று கேட்டேன். என் நெற்றி இப்போதுதான் பார்க்க லட்சணமாக, இருக்கவேண்டியபடி இருக்கிறதாம், அண்ணனுடைய ஆத்மா இனிமேல்தான் சாந்தி அடையுமாம். போனை வைத்துவிட்டு நேரே கண்ணாடி முன்னால் போய் நின்றேன். பொட்டு அதன் இடத்தில்தான் இருந்தது.

சாயங்காலம் ஸ்ரீஜா வந்ததும் அவள் போனில் தேடி எடுத்துக் காட்டினாள். நான் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது, வகுப்புக்கு நாலு பேர் வந்து போகவேண்டும் என்று நீ அங்கிருந்தே அமீர்பேட்டில் ஓர் இணைய விளம்பரக் கம்பெனியைப் பிடித்தாயே, அவர்கள் போட்ட விளம்பரம். வர்ஷினியின் பிறந்தநாளுக்குச் சந்தன நிறப் பட்டுப் புடவையில் எடுத்த என் படம்தான். ஆனால் பொட்டு இல்லை. அழித்த அடையாளம்கூட இல்லாமல் அந்த இடத்தில் தோலை இழுத்துப் பூசியிருக்கிறார்கள். கீழே பெயர், ஆன் மேம். யாரடி அது? என்னைக் கான்வென்டில் சேர்த்த நாளிலிருந்து ஐரிஷ்கார சிஸ்டர் நாக்கு சுளுக்கிக்கொண்டாலும் அன்னம்மாள் என்று முழுப் பெயரையும் சொல்லித்தான் வருகை எடுத்தார். பொட்டை எடு என்று அந்தக் கன்னியாஸ்திரீகள் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. இதில் விளம்பரத்தின் ஆங்கிலம் வேறு, ஒரே வரியில் இரண்டு தவறு. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலம் கற்க வருகிறார்கள், என்ன சொல்ல.

மறுநாளே மெட்ரோ ஏறி அந்த ஆபீசுக்குப் போனேன். கிரி என்று ஒரு பிள்ளை, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பையன், ஏசியைக் கூட்டி வைத்து டீ வரவழைத்தான், மரியாதைக்குக் குறைவில்லை. படத்தைக் காட்டி யாரைக் கேட்டு இப்படிச் செய்தீர்கள் என்றேன். பொட்டு வைத்த அன்னம்மாள் ஒரு விளம்பரமாகவும் பொட்டில்லாத ஆன் மேம் இன்னொரு விளம்பரமாகவும் போட்டார்களாம், ஹாஸ்டல்களில் தங்கி இன்டர்வியூவுக்குத் தயாராகும் பெண்களின் போன்களுக்கு இரண்டையும் அனுப்பிப் பார்த்தார்களாம், எதை அதிகம் பேர் தொட்டார்களோ அதை ஊர் முழுக்க ஓடவிட்டு மற்றதை நிறுத்திவிட்டார்களாம். என்னை என்னோடேயே போட்டிக்கு விட்டு, என்னைத் தோற்கடித்திருக்கிறார்கள். "டென்ஷன் நக்கோ ஆன்ட்டி, டென்ஷனே வேண்டாம், நாங்களா ஒண்ணும் பண்ணல, டேட்டா சொல்லுது" என்று கம்ப்யூட்டரைத் திருப்பி மலை மாதிரி ஏறும் ஒரு கோட்டைக் காட்டினான். உன் அம்மா படத்தையும் இப்படிச் செய்வாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஹவ் ஆன்ட்டி, ஆமா, கிளிக் வந்தா பண்ணுவேன்" என்றான். பொய் சொல்லாத பிள்ளை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நிறுத்து என்றேன். பணம் கட்டுகிறவர் எழுதினால்தான் நிறுத்த முடியுமாம், அந்தப் படத்துக்கு அவர் சம்மதமும் கொடுத்திருக்கிறாராம். தன் போனை நீட்டினான். படத்துக்குக் கீழே நீ அனுப்பிய மஞ்சள் கட்டைவிரல்.

தாரிணி, நீ படத்தைச் சரியாகப் பார்க்காமல் கட்டைவிரலைக் காட்டினாயா, பார்த்தும் பரவாயில்லை என்று விட்டாயா, எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்கு ஆறாது. பத்தாம் நாள் உன் அத்தை ஈரத்துணியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, கூடம் நிறையப் பெரியவர்கள் இருக்க, அவள் மணிக்கட்டைப் பிடித்து, "அத்தை, அம்மா நெத்தியத் தொடாதீங்க" என்று சொன்னது யார்? சத்தம்கூடப் போடவில்லை நீ. அன்றிலிருந்து கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் எத்தனை பார்வைகளை இந்த நெற்றி தாங்கியிருக்கிறது. அப்பா வந்து கொடுத்த பொட்டு இல்லை இது, நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னுடையது. உன் அத்தையால் முடியாததை முகம் தெரியாத ஒரு பிள்ளை சுட்டுவிரலால் செய்து முடித்தான், அதற்கு நீ பணமும் கட்டியிருக்கிறாய்.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியாதா. வகுப்பு நிறைந்திருப்பதும் உண்மை. பழைய படத்தைப் போட்டால் பாதிப் பேர்கூட வரமாட்டார்கள் என்கிறான் கிரி. வரவேண்டாம். கதவைத் திறந்ததும் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்து, ஆன் மேம் இல்லையா என்று கேட்கிற பெண்களுக்கு, இல்லை, அப்படி இங்கே ஒருவரும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பது வியாழக்கிழமைதான் புரிந்தது. அப்படியும் உள்ளே வந்து உட்காருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஸ்ரீஜா அப்படி வந்தவள்தான். ஆகவே இதைப் படித்த கையோடு, வேறு வேலை பார்க்காமல், கிரிக்கு எழுது. நீ எழுதும்வரை அந்த வெறும் நெற்றி ஊர் முழுக்கப் போன் போனாகப் போய்க்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். வர்ஷினிக்கு வாரம் ஒரு பக்கமாவது தமிழ் எழுத வை, ஆங்கிலம் அவளுக்குத் தானாக வரும். மூவரும் நோயில்லாமல், மனக்குறையில்லாமல் நீண்டநாள் வாழவேண்டும், உங்களை நினைக்காமல் நான் விளக்கேற்றுவதில்லை. கடிதத்தோடு புதுப்படம் ஒன்று வரும், இன்று காலை ஸ்ரீஜா எடுத்தது. கிரிக்கு இதைத்தான் அனுப்பவேண்டும். பொட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருக்கிறேன். உன் அத்தை போனுக்கும் அது போய்ச் சேரட்டும்.

உன் அம்மா,
அன்னம்மாள் உலகநாதன்