இரண்டாவது முட்டல்

நவ. 12, செவ்வாய். விடிந்ததிலிருந்து மழை.

இவருக்குத் தலையில் எப்போது அடிபட்டது? டாக்டர் கேட்டார். தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருப்பவளுக்கு.

அவருடைய ஸ்கேன் வந்துவிட்டது. இடது பக்கம், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம். வாரக்கணக்கில் கசிந்து தேங்கியது. பக்கத்திலேயே ஒரு நீர்ப்பை. பிறவியிலிருந்து இருக்கிறதாம். எனக்கு முன்பே வந்தது. இத்தனை நாள் மூச்சு விடவில்லை. இந்தப் பை இருப்பவர்களுக்கு லேசாக இடித்தாலும் கசியலாம் என்றார் டாக்டர்.

அவரையே கேட்டேன். யோசித்தார், வார்த்தை சிக்கவில்லை. மூன்று நாளாகச் சட்டைப் பொத்தான் போட வலது கை தடுமாறுகிறது.

வாங்க: ஃபிளாஸ்க், முன்பக்கம் திறக்கும் சட்டை 2. கல்லூரிக்கு லீவ் லெட்டர்.

நவ. 13, புதன். தூறல். அரியாங்குப்பம் பாலத்தில் அரை மணி நேரம் நெரிசல்.

வார்டுக்கு ஜோசபின் வந்தாள். பெத்தாங் ஆட்டத்தில் அவருடைய ஜோடி. ஞாயிறுதோறும் இருவரும், ஒரு சின்ன மரக்குண்டுக்குக் கிட்டப் போய் விழும்படி இரும்புக் குண்டு எறிகிறார்கள். நான் போய்ப் பார்த்ததே இல்லை.

"ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயித்துக்கெழமக்கா. எங்க குண்டு கிட்டவா, எதிர் டீமு குண்டான்னு அளக்க ரெண்டு பேரும் ஒண்ணா குனிஞ்சோம். மண்டயும் மண்டயும் முட்டிக்கிச்சி. ஒரு தடவையோட விட்டா கொம்பு மொளைக்கும்னு அண்ணன் இன்னொரு முட்டு முட்டுனாரு. எல்லாரும் ஒரே சிரிப்பு."

அண்ணனாம்.

"தலவலிக்குதுன்னு போன மாசமே சொன்னாரே, உங்ககிட்ட சொல்லல?"

காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

முதல் முட்டல் தற்செயல். இரண்டாவது? எதில் கசிந்திருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். எதிலும் இருக்கலாம் என்றார். இரண்டாவதில்தான். (ஆதாரம் இல்லை.)

நாளை ஆபரேஷன். மண்டையில் இரண்டு துளை, ரத்தத்தை வடிப்பது, அவ்வளவுதான். பையைத் தொடப் போவதில்லை. ஏன், அதையும் சேர்த்தே திறந்துவிட்டால் என்ன என்று வாதாடினேன். சிலர் அப்படிச் செய்வதும் உண்டாம். ஆனால் அது பெரிய ஆபரேஷன், பெரும்பாலும் வடித்தாலே போதுமாம். 'பெரும்பாலும்' என்றால்?

"மறுபடி சேர்ந்தா அப்ப பையப் பாக்கலாம் மேடம். இத்தன வருஷம் சும்மா இருந்தத இப்ப ஏன் கிளறணும்?"

படிவத்தில்: பேச்சு போகலாம், கை வராமல் போகலாம், உயிரும். கையெழுத்துப் போட்டேன். அவர் சட்டையை மடித்து வைக்கையில் பாக்கெட்டில் அளக்கும் நாடா. அதில் அவள் பெயரின் முதலெழுத்து, 'J'.

நவ. 14, வியாழன். வெயில்.

காலை எட்டரைக்கு உள்ளே. பத்துக்கு வெளியே. எஞ்சின் ஆயில் மாதிரி வடிந்ததாம். குழாய் இரண்டு நாள் இருக்கும்.

நான்கு மணிக்கு ஐ.சி.யு.வில் ஒருவரை மட்டும் விட்டார்கள். வலது கையால் என் விரல்களைப் பிடித்தார். வலித்தது. அவ்வளவு பலம். என் பெயரைப் பிசகாமல் சொன்னார். அழுதுவிட்டேன், நர்ஸ் பார்க்கவில்லை.

பிறகு கேட்டார்: "ஜோசபின் வந்துச்சா?"

இல்லை என்றேன். காலை ஏழு மணியிலிருந்து கீழே உட்கார்ந்திருக்கிறாள்.