அரைக்கைச் சட்டை

அம்சா,

மிஷின்ல படுத்துக்கினுதான் எழுதறேன். இடது கையில ஊசி, வலது கை சும்மாதான் இருக்குது. வீட்ல பேசலாம்னா நம்ம பொண்ணு எளவரசி குறுக்கால வந்து நிக்கிறா.

இன்னிக்கு விக்கிரவாண்டில பஸ் ஏறின சம்பந்தி எம் பக்கத்துல வந்து குந்திக்கினாரு. வாரத்துல மூணு நாள் நான் திண்டிவனத்துல எங்க போறேன்னு அவரு வீட்ல உன்னக் கேட்டாங்களாம். நீ தலைய குனிஞ்சுக்கினியாம். பொம்பள சகவாசம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.

டயாலிசிஸ்னு தெரிஞ்சா, அப்பன் நோவு பொண்ணுக்கும் வரும்னு எழுந்து போயிடுவாங்கன்னு பயந்துட்ட. எனக்கும் அதே பயந்தான்.

"கல்யாணத்துக்குள்ள அவள விட்டுடுங்க"ன்னாரு, நல்ல மனசோட.

"விட்டா செத்துடுவேங்க"ன்னேன்.

பஸ்ஸே திரும்பிப் பாக்கற மாதிரி சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே நிக்குது.

உம்மேல கோவம் இல்ல. இல்ல, இருக்குது. ஊசி குத்தற கையில நரம்பு பொடச்சிக்கினு இருக்கறத மறைக்க, மூணு வருஷமா இந்த வெயில்ல முழுக்கைச் சட்டையில வேகறேன்.

வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு என் அரைக்கைச் சட்டைய இஸ்திரி போட்டு வை. அதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்டாலும் சரி.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்.
உனக்கு மட்டுந்தான்.