செல்வத்தை விட்டுக்கொடுத்தோம்

ஆகஸ்ட், இரண்டாம் ஞாயிறு

எங்கள் மில்லர்புரம் வாலிபால் அணிக்கு இந்த வருடம் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. ஒழுங்காக அடித்து ஆடுகிறவன் செல்வம் ஒருவன்தான். அவனைக் காயல்பட்டினம் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து உயரமான இளைஞர்கள் இரண்டு பேரை வாங்கலாம் என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதலில் சொன்னது நான்தான். செயலாளரான நானே சொன்னதால் மற்றவர்கள் மறுக்கவில்லை.

இன்று காலை பயிற்சி முடிந்ததும் அவனிடம் சொன்னேன். மணலில் உட்கார்ந்து முழங்கால் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"போன வருசம் அவுகளே கூப்பிட்டாவ அண்ணாச்சி. நீங்கதான் போவாதலேன்னு சொன்னிய," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உண்மைதான். அவன் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். அப்போது அவர்கள் ஒரு கடையில் வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்காக அதை வேண்டாம் என்று விட்டுவிட்டான். இப்போது அந்த வேலை இல்லை.

"கமிட்டியில முடிவு பண்ணிட்டாவலே. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்காவ," என்று பொய் சொன்னேன்.

எழுந்து வந்து என் தோளைத் தொட்டான். "விடுங்க அண்ணாச்சி. எனக்காவ நீங்க ஒருத்தராவது பேசினியளே, அது போதும்."

தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அணிக்கு இதுதான் நல்லது. இப்போதும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அதையே அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நாளை போன் செய்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.