பல்கணிக் கதவுக்கு இந்தப் பக்கம்

சிவமயம்

எசன், ஜேர்மனி,
ஞாயிறு மத்தியானம்.

என் அன்பு மகள் சிவப்பிரியாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அப்பா உன்னோடு கதைக்கும்போது பல்கணிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நீ சிரிக்கிற சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், சுகமில்லாத பிள்ளை அப்படிச் சிரிக்காது. ஹம் நகரத்துக் கோயில் காமாட்சி அம்மன் உன்னை அப்படியே வைத்திருக்கட்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் முழுச் சுகம் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லாமல் அம்மா ஏன் தாளும் பேனையுமாக இருக்கிறா என்று யோசிப்பாய். இந்த வீட்டில் குசினிக்குள் ஒரு சொல் சொன்னால் படுக்கிற அறைக்குள் கேட்கும், வட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பினால் நீ அனுப்புகிற பதிலை எனக்கு முதல் அவர்தான் எடுத்துக் கேட்பார். இப்போது காரைக் கழுவக் கொண்டுபோயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அழுதழுது தமிழ்ப் பள்ளிக்கூடம் போனாயே, அதற்கு இன்றைக்குத்தான் பலன், ஆறுதலாக எழுத்துக்கூட்டி வாசி.

அப்பாவின் சிகரட் கதை உனக்குத் தெரியாதது இல்லை. மாசி மாதம் நெஞ்சு டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இதை விடாவிட்டால் காற்றுப் போத்தலை இழுத்துக்கொண்டு திரிய வேண்டி வரும் என்று சொன்னதும் அவர் தானாகவே போய் அந்த வேப்பை, மின்சாரச் சிகரட்டை, வாங்கிக்கொண்டு வந்தார். நான் கலியாணம் கட்டின நாளிலிருந்து சொன்னேன், ஊதுகிற சங்கை ஊதினேன், நான் ஏசினால் அவர் சிகரட் பத்துவார், அவர் பத்தினால் நான் ஏசுவேன், அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது. வேப் வந்தும் என்ன, பகல் முழுக்க அதை உறிஞ்சி வீட்டைச் சாம்பிராணி போட்டதுபோல் ஆக்கிவிட்டு, குப்பை கொட்டுகிற சாட்டில் கீழே போய்ச் சிகரட்டும் பத்தினார். அது போதாதென்று இது, இது போதாதென்று அது. நான் கேட்டால் புறுபுறுப்பார். பிறகு ஒருநாள் நீ போனில் சொன்னாய், அப்பா நீங்கள் வாங்கினது உங்களுக்குக் காணாது, நெடுகப் பத்தின ஆளுக்கு முதல் கொஞ்சம் கூடின நிக்கொட்டின் வேணும், பிறகு மெல்ல மெல்லக் குறைக்கலாம், சிகரட் மாதிரி இழுக்காமல் ஆறுதலாய் உறிஞ்சுங்கோ, தேத்தண்ணி குடிச்சவுடனை அந்தக் கதிரையை விட்டு எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவுங்கோ, பத்த வேணுமெண்ட அந்தரம் வந்தால் அது வாசலிலை வந்து நிக்கிற ஆள் மாதிரி, கதிரை குடுக்காட்டித் தன்பாட்டிலை போயிடும் என்று. அவர் அப்படியே செய்தார் பிள்ளை. எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினார். இந்த மனிசன் கோப்பை கழுவி நான் கண்டதில்லை.

வாய்க்குள் போட ஏலக்காய் நல்லது என்று நீ சொன்னதும் குசினிக்குள் வந்து, பவளம் ஏலக்காய் கிடக்கோ என்று கேட்டார். அந்த ஏலக்காயை நீயும் லவனும் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் நான் ஒரு டப்பாவில் போட்டு அவருடைய காருக்குள் வைத்தேன், அவர் அந்த டப்பாவைச் சாம்பல் தட்டத்தான் பாவித்தார். முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று சும்மாவா சொன்னார்கள். நான் சொன்னால் நச்சரிப்பு, நீ கனடா வன்கூவரில் இருந்து சொன்னால் வேதவாக்கு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உன்னில் எரிச்சல். பெற்ற மகளில் எரிச்சல் படுகிற தாயும் உலகத்தில் இருக்கிறாளோ என்று கேட்பாய். இருக்கிறாள், எசனில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அந்தரம் வந்தால் அவர் போனைத் தூக்கிக்கொண்டு பல்கணிக்குப் போவார், கதவைச் சாத்துவார், அங்கே உனக்கு விடியாத நேரமாக இருந்தாலும் நீ எடுப்பாய். அரை மணித்தியாலம் கதை, சிரிப்பு. உள்ளே வந்ததும், என்னவாம் பிள்ளை என்று கேட்டால், சும்மாதான் என்பார். அந்தச் சும்மாவைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. ஆனால் அவர் சிகரட்டை விட்டுவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். கோடை முழுக்க ஒன்றும் தொடவில்லை, மாடிப்படியில் இடையில் நிற்காமல் ஏறினார், அவருடைய சேட்டில் சவர்க்கார மணம் வந்தது. நான் சந்தோசப்பட்டேன், பட்டுக்கொண்டே எரிந்தேன்.

இனி நடந்ததைக் கேள். சந்திரமௌலி அண்ணை நெஞ்சு வருத்தத்தில் மோசம் போனது உனக்குத் தெரியும். அப்பாவோடு ஒன்றாக அகதியாக வந்து, முகாமில் ஒரே அறையில் இருந்து, ஒரு சிகரட்டை இரண்டாக முறித்துப் பத்தின மனிதர். கடைசிவரை அவர் விடவில்லை. அவருடைய எட்டுச் செலவுச் சடங்கை எட்டாம் நாளில் செய்ய இங்கே யாருக்கு லீவு, போன வாரச் சனிக்கிழமைதான் வீட்டில் வைத்துச் செய்தார்கள். அவருடைய மனிசி புஷ்பமலர் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, படையலை நான்தான் போட்டேன். மனிதருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும்தானே, ஆட்டிறைச்சிக் கறி, நண்டு, முறுக்கு, விஸ்கியில் ஒரு கிளாஸ், பக்கத்தில் அவர் பத்துகிற சிகரட் பெட்டி. செத்தவருக்கு மூடின பெட்டியை வைக்கக் கூடாது என்று நானே அதை உடைத்து, ஒன்றை வெளியே இழுத்துவிட்டு, லைட்டரையும் பக்கத்தில் வைத்தேன். சிகரட்டோடு ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்த பவளத்தின் கை செய்த வேலை அது. அப்போது அண்ணையைத்தான் நினைத்தேனே தவிர என் வீட்டு மனிதரை நினைக்கவில்லை.

படைத்து முடிந்து எல்லாருக்கும் பங்கு கொடுக்கும்போது புஷ்பமலர் அக்கா அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, அவரோடு பழகின ஆம்பிளைகளுக்கு ஆளுக்கொன்றாக நீட்டினா. அப்பாவுக்கு முன்னால் வந்து, மகேந்திரண்ணை, இது அவரின்ரை பங்கு, வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ என்று அழுதா. எப்படி வேண்டாம் என்பது? படைத்ததை மறுக்கக் கூடாது, அதுவும் அவ கையால் தரும்போது. அப்பா இரண்டு கையாலும் வாங்கினார், திருநீறு வாங்குகிறதுபோல. வாங்கிக்கொண்டு கீழே கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய்விட்டார். நான் யன்னலால் பார்த்தேன். சிகரட் ஒரு கையில், போன் மற்றக் கையில். உனக்குத்தான் போன் எடுக்கிறார். உனக்கு அங்கே சாமம், நீ போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுத்திருப்பாய். திரும்பவும் எடுத்தார். நீ எடுக்கவில்லை. அம்மாளாச்சி அறிய எழுதுகிறேன், எனக்கு அந்த நேரம் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. இன்றைக்கு மகள் இல்லை, இன்றைக்கு நான்தான் என்று செருப்பையும் சரியாகப் போடாமல் படியால் இறங்கி ஓடினேன்.

ஓடிப்போய் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். வெக்கமில்லையோ, அந்த மனிசன் இதாலைதானே செத்தது, நீங்களும் போய்ப் படுக்கப்போறியளோ, தாங்கோ அதை என்று ஏசினேன். அவர் திரும்பவும் உன்னுடைய எண்ணை அமத்திக்கொண்டிருந்தார், அதைக் கண்டும் ஏசினேன். அவர் என்னைப் பார்க்காமல், நீ மேலை போ பவளம், இது உனக்கு விளங்காது, பிள்ளைக்கு விளங்கும், அவளும் இந்த அவதி பட்டவள்தானே என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது, முகம் கறுத்துப்போனது. அவர் லைட்டரை ஒருவரிடம் வாங்கிப் பத்தவைத்து அடிவரைக்கும் பத்தினார். நான் ஏசவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் பக்கத்தில் நின்றேன். பிறகு நீ எழும்பித் திருப்பி எடுத்தபோது, ஒண்டுமில்லைப் பிள்ளை, கை தெரியாமல் பட்டிட்டுது என்று உனக்குச் சொன்னது அதுதான்.

ஆக நீயும் பத்தியிருக்கிறாய். டோட்முண்டில் படித்த காலமாகத்தான் இருக்கும். அப்போது வெள்ளிக்கிழமைகளில் நீ வீட்டுக்கு வரும்போது உன் குளிர்ச்சட்டையில் மணம் வரும், நான் அப்பாவின் மணம்தான் பிள்ளையின் உடுப்பிலும் ஏறிவிட்டது என்று அவரைப் பிடித்து வாட்டுவேன். பெண்பிள்ளையின் உடுப்பைக் கூடப் பழுதாக்கிறியளே என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். உனக்காக வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு நீ வேப்புக்கு மாறி, அதையும் விட்டு, இவ்வளவும் அவருக்குத் தெரிந்து, எனக்குத் தெரியாமல். நீ பத்தினது எனக்குப் பெரிதாக நோகவில்லை என்று சொன்னால் நம்புவாயோ? அவருக்குச் சொல்லிவிட்டு எனக்குச் சொல்லாமல் விட்டாய் பார், அதுதான் நோகிறது. எனக்குச் சொன்னால் நான் கத்தியிருப்பேன், அது எனக்கும் தெரியும். கத்திவிட்டுச் சோறு போட்டிருப்பேனே.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அந்த வேப் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. காருக்குள் ஒரு புதுச் சிகரட் பெட்டி இருக்கிறது, கழுவக் கொண்டுபோன கார் இப்போது நல்லாய்க் கழுவப்பட்டுக்கொண்டிருக்கும். கீழே போகிறார், வருகிறார், படியில் திரும்பவும் நின்று மூச்சு வாங்குகிறார். அடுத்த மாதம் நெஞ்சு டொக்டரிடம் காட்டுகிற ரெர்மின் நாள் இருக்கிறது, அதற்குப் போகமாட்டேன் என்கிறார். உன்னை ஏன் இப்போது கூப்பிடுகிறார் இல்லை என்று உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். வெட்கம் பிள்ளை. எனக்கு முன்னால் நின்று பத்த வெட்கமில்லை, உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் வெட்கம். அதிலும் எனக்கு இடமில்லைப் பார். நேற்று அவர் குளிக்கும்போது நான் அந்த வேப்பைச் சார்ஜில் போட்டு, அப்படி என்னதான் இருக்கிறது என்று வாயில் வைத்து ஒரு இழுவை இழுத்துப் பார்த்தேன். புதினா மணம், பிறகு தொண்டைக்குள் மிளகாய் அரைத்தது போல. இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் விளங்குகிற ஒன்று எனக்கு இந்தச் சென்மத்தில் விளங்கப்போவதில்லை என்று குளியலறைக் கதவடியில் நின்று அழுதேன், அவர் வந்து, வெங்காயம் உரிச்சனியோ என்று கேட்டார்.

லவனிடம் சொல்லவில்லை. ஸ்டுட்கார்ட்டில் இருந்துகொண்டு மூன்று வாரத்துக்கு ஒருதரம் கதைக்கிற பிள்ளை, அப்பா பெரிய மனிசர், அவருக்குத் தெரியாதோ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். ஆகவே உன்னிடம்தான் வருகிறேன், வரப் பிடிக்காமல்தான் வருகிறேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும், எனக்குப் பாடத் தெரியாது. நீ அவரைக் கூப்பிடு. நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே, ஏசாதே, வழக்கம்போலச் சிரி. ஒரு சிகரட்டில் எல்லாம் பிழைச்சுப் போகாது, திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லு, நீ சொன்னால் நம்புவார். அப்படியே அந்தரம் வருகிற நேரம் அவரோடு என்ன கதைக்கிறாய் என்பதை எனக்கும் எழுதி அனுப்பு. மருந்துக் கதையை நான் கேட்கவில்லை, அந்தச் சும்மாவைக் கேட்கிறேன். தமிழில் எழுத ஏலாவிட்டால் டொச்சு மொழியில் எழுது, நான் அகராதி பார்த்துப் படிப்பேன். படித்துப் பழகின பிறகு ஒருநாள், ஒரே ஒருநாள், அவர் எடுக்கும்போது நீ போனை எடுக்காதே. மணி அடிக்கட்டும். எந்த நாள் என்று எனக்கு மட்டும் முன்னமே சொல்லு. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நிற்பேன்.

கார் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது, அவர் உடனே மேலே வரமாட்டார், ஒன்றைப் பத்திவிட்டுத்தான் வருவார், அதற்குள் முடிக்கிறேன். மழைக் காலத்தில் தலையை மூடிக்கொண்டு போ, வெள்ளிக்கிழமையில் ஒரு விளக்காவது ஏற்று. நோய் நொடியில்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, நீ நினைத்தது நடந்து நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உனக்கு எப்போதாவது திரும்பவும் அந்த அந்தரம் வந்தால் அப்பாவுக்கு எடுக்காதே, எனக்கு எடு. எனக்கு விளங்காது. ஆனால் நான் போனை எடுப்பேன்.

என்றும் உன்
அம்மா,
ம. பவளம்